சத்தமில்லாத வீட்டுக்கு ஒரு பழைய போன்

அத்தியாயம் 12

சோப்புத் தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டுத்தானே போன வாரம் பிரிந்தோம்? அது அங்கேயே அடக்கமாகிவிட்டது. எடுத்து உதறியபோது நாலு அரிசி விழுந்ததே தவிர, உயிர் வரவில்லை.

போன் போனதுகூடப் பெரிய துக்கமில்லை. அதில் கடைசியாக வந்திருந்த செய்திதான் பொத்தானக்காவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. கப்பல் சமையலறையில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துல இருப்பேன். வீடியோல முகம் பாத்துப் பேசணும். அப்பா வான்னு சொன்னா வீட்டுக்கு வர்றேன். இல்லன்னா அங்கேயே அடுத்த கப்பல்ல ஏறிடறேன்."

இன்று வெள்ளிக்கிழமை.

அடுத்த கப்பல் என்றால் போய்த் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கிற விரிசலில் அதற்குள் மரமே முளைத்துவிடும் என்று பொத்தானக்கா பயந்தாள்.

விரிசல் எதனால் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் ரொட்டி ஆலையில் இரவு வேலை செய்பவர். கெஞ்சிக் கூத்தாடி அதே ஆலையில் மகனுக்கும் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். மகன் கொஞ்ச நாள் அடுப்பு முன்னால் நின்றான், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் அப்பா. வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளை அது. மிதிக்கவில்லை.

"இங்க அடுப்பு சூடுன்னு ஓடினவன், அங்க போயி கப்பல் அடுப்பு முன்னாடியே நிக்கிறான் பாரு" என்று அதே வீட்டில் இருக்கும் நாத்தனார், கணவரின் அக்கா, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சத்தமில்லாமல்தான்.

அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. ரொட்டிக்காரர் விடிந்த பிறகு மாவு வாசனையோடு வந்து படுத்தால், சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்கு அதுதான் ராத்திரி. ஜன்னலில் நீலத் திரை. அதன் வழியாக இறங்கும் வெயிலில் கட்டிலும் சுவரும் அலமாரியும் குளத்துக்கு அடியில் கிடப்பது போலத் தெரியும். நாற்காலிக் கால்களுக்குத் துணி உறை. தையல் இயந்திரம் கடகடக்கிறதே என்று அதை விற்றுவிட்டு, தையல் கடைச் சட்டைகளுக்குக் கையால் பொத்தான் தைக்க ஆரம்பித்தவள் அவள். பொத்தானக்கா என்ற பெயர் அந்தக் கடைக்காரர்கள் வைத்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

போனும் அந்த வீட்டில் ஊமைதான். அழைப்பு வந்தால் வெளிச்சம் தெரியும். இயர்போனைச் சொருகிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட வேண்டியது.

பேச்சுக்குப் பதிலாகக் கை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனுக்காக அவள் தெருவாசலில் நிற்பாள். கையை மூடிக் காட்டினால் அப்பா தூங்குகிறார், பூனை மாதிரி வா என்று அர்த்தம். விரித்துக் காட்டினால் அப்பா முழித்துவிட்டார், ஓடி வா, கத்திக்கொண்டே வா. அவன் வயிற்றைத் தட்டினால் பசி. கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினால், கூட ஆள் வந்திருக்கு, இன்னொரு தட்டு வை. இப்படி அம்மாவும் பிள்ளையும் அத்தையும் சேர்ந்து, தூங்குகிற மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மொழியே கட்டிவைத்திருந்தார்கள். அவருக்கு மட்டும் அதில் ஓர் எழுத்து தெரியாது.

மகனின் செய்தியை அவரிடம் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க எந்த மொழியிலும் வழியில்லை.

சரி, முதலில் போன். வீட்டில் மிச்சமிருந்த இரண்டும் பொத்தான் வைத்த பழைய போன்கள். அதில் முகம் தெரியாது. புதிது வாங்க வசதி இல்லை.

"பழசு வாங்கலாம். ஆனா நான் சொல்ற மாதிரிதான் வாங்கணும்" என்றாள் நாத்தனார்.

அவள் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. முன்பொரு தடவை, சீல் கூட உடைக்காத போன் என்று நம்பித் தெருமுனையில் நின்று வாங்கிவந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே அளவாக வெட்டிய கூரை ஓட்டுத் துண்டு. அன்றைக்கு ஸ்மார்ட்போனே வேண்டாம் என்று சபதம் போட்டவள், அந்த ஓட்டைச் சர்க்கரை ஜாடிக்கு மூடியாக வைத்திருக்கிறாள். தினமும் டீ போடும்போது புத்தி வரட்டும் என்று.

அவளுக்கு நூலகத்தில் வேலை. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் விளம்பரம் பார்த்தாள். ஒருவன் பாதிப் பணத்தை இப்போதே அனுப்புங்கள், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள் என்றான். "அந்த மூணு பேருக்கே குடுத்துடுப்பா, பாவம், அவங்களும் ஆசைப்பட்டிருப்பாங்க" என்று வைத்துவிட்டாள். இன்னொருவன் கேட்ட விலை, போனுக்கு உறை வாங்கக்கூடப் போதாது. அவனை அவள் கூப்பிடவே இல்லை.

மூன்றாவது ஆள்தான் மனுஷனாகப் பேசினார். "முன்பணம் எல்லாம் வேணாம்மா. நல்லா பாருங்க, பிடிச்சா குடுங்க. எங்க வரணும்?"

"நான் வேலை செய்யற நூலகத்துக்கு வாங்க. கேமரா இருக்கு, நாலு பேரு இருப்பாங்க."

"நூலகமா?" மறுமுனையில் அவர் ஒரு மூச்சு நிறுத்தினார். "ரொம்ப நல்லதும்மா. அமைதியான இடம்."

"பாத்தியா? நல்ல மனுஷன் அமைதியைத்தான் கேப்பான்" என்றாள் நாத்தனார், போனை வைத்ததும்.

*

மதியம், படிப்பறையில் மின்விசிறிகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே ஒரு பெரியவர் தூங்கினார். உயரத்து ஜன்னலிலிருந்து சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் தூசி எந்த அவசரமும் இல்லாமல் மிதந்தது. வீட்டை விட்டு வந்தும் வீட்டிலேயே இருப்பது போல இருந்தது பொத்தானக்காவுக்கு.

அவர் வந்தார். தங்க நிறக் கண்ணாடி, கையில் குடை, செருப்பு கூடச் சத்தம் போடவில்லை. உட்காருவதற்கு முன்னால் விற்க வந்த போனை எடுத்து ஓசையை அவரே அணைத்தார். "நூலகமாச்சே" என்றார் குசுகுசுவென்று.

நாத்தனாருக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் வேலையில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சோதனைக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே போனாள். முதலில் ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினாள். திரையில் நீளமாய் ஒரு எண் வந்தது. அது பெட்டியில் இருந்த எண்ணோடும் பில்லில் இருந்த எண்ணோடும் ஒத்துப்போகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒத்துப்போயிற்று. திருட்டுப் போன் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். இல்லை.

"உங்க மெயில் கணக்கு இதுல இருந்தா நாளைக்கு போன் எங்களையே வெளிய பூட்டிடும்" என்றாள் காதோரமாக.

"எடுத்துடறேம்மா." அவர் தன் கணக்கை அவள் கண்ணெதிரே வெளியே எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, போனைப் பிறந்த குழந்தையாக்கிக் கொடுத்தார்.

சிம் வைக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் சிவக்கும் சின்ன ஒட்டு வெள்ளையாகவே இருந்தது. திரையின் நாலு மூலையிலும் விரல் ஓடியது. பொத்தானக்கா தன் பங்குக்குக் கேமராவைத் திறந்து, தூங்கும் பெரியவரைப் படம் எடுத்தாள். அவர் மூக்கின் மேலிருந்த மச்சம் வரைக்கும் விழுந்தது. அவளுடைய சிம்மைப் போட்டு, நாத்தனார் தன் பழைய போனிலிருந்து கூப்பிட்டாள். புதியது மேஜை மேல் மெல்ல உதறி, ஒளிர்ந்தது. பேர் தெரிந்ததும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வீட்டில் செய்வது போலவே எடுக்காமல் கட் செய்தாள் பொத்தானக்கா.

"பெட்டில கூட நீங்க போடாதீங்க, பையிலயும் போடாதீங்க. அவ கையிலயே இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். ஓட்டுத் துண்டின் ஞாபகம்.

"தாராளமாம்மா."

பணம் கைமாறியது. அவர் தன் பெயர், நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கும்பிட்டார். குடையோடு வெளிச்சத்துக்குள் நடந்து மறைந்தார்.

நாத்தனார் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏதோ ஒன்னு விட்ட மாதிரி இருக்கும்மா."

"எல்லாம் பாத்தாச்சு அண்ணி. அதிகாரி மாதிரி பாத்தீங்க."

"சுண்டுவிரல் மிச்சம் இருக்கே."

"அது மோதிரம் போட இருக்கட்டும், வாங்க."

*

வீட்டில் நீல வெளிச்சம் கொஞ்சம் கருத்திருந்தது. ரொட்டிக்காரர் உள்ளறையில் படுத்திருந்தார். பொத்தானக்கா மகனுக்கு ஒரு வரி அனுப்பினாள். "போன் வந்தாச்சு. கூப்பிடு."

சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் தைக்க உட்கார்ந்தாள். ஊசி ஏறி இறங்கியது, மனசு எங்கேயோ போய்விட்டது. கடலும் திரையைப் போல நீலமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அதற்கு நடுவில் ஒரு வெள்ளைச் சமையலறை, அதில் தன் பிள்ளை, சூடு பட்டுச் சிவந்த கை. அங்கே அவனை யாராவது பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுவார்களா? தான் பெற்ற பிள்ளையை ஒரு நாள்கூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லையே என்று தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்கு வலித்தது. தைத்து முடித்துப் பார்த்தால், சட்டையைத் தன் புடவையோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

அப்போதுதான் போன் ஒளிர்ந்தது.

தொட்டாள். முகம் வந்தது. மெலிந்திருந்தான். மீசை வளர்த்திருந்தான், பொருந்தவில்லை. சிரித்தான். வாயைத் திறந்து என்னவோ சொன்னான்.

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் ஓசைப் பொத்தானை மேலே தள்ளினாள். திரையில் கோடு கடைசிவரை ஏறியது. அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "கண்ணு, கேக்குதா?" என்றாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக. அவன் காதைத் தட்டிக் காட்டித் தலையை ஆட்டினான். அவள் பேசுவதும் அங்கே போகவில்லை.

"இயர்போன், இயர்போன்" என்று நாத்தனார் ஓடிப்போய்ப் பழைய இயர்போனைக் கொண்டுவந்தாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதைச் சொருக இந்தப் போனில் ஓட்டையே இல்லை.

நாத்தனார் தன் கையைப் பார்த்தாள். மடங்காமல் நின்ற சுண்டுவிரலை மெல்ல மடக்கினாள். "சத்தம்" என்றாள். "அட கடவுளே, சத்தத்தைப் பாக்கவே இல்லம்மா நாம."

எப்படிப் பார்ப்பார்கள்? ஊரில் எந்தக் குடும்பமாக இருந்தாலும் முதலில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்திருக்கும், ஒரு ஹலோவாவது சொல்லியிருக்கும். போன் என்றால் பேசுகிற சாமான் என்பதையே மறந்துபோன குடும்பம் இது ஒன்றுதான். அந்தக் கண்ணாடிக்காரர் இப்படி ஒரு வீட்டைத் தேடி எத்தனை நாள் அலைந்தாரோ.

நாத்தனார் தன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் பாய்ந்தாள், அவரைக் கிழித்துத் தொங்கவிட.

பொத்தானக்கா உள்ளறைக்குப் போனாள். கணவரை எழுப்புவதற்கு அந்த வீட்டில் ஒரே வழி, பாதத்தில் கை வைப்பது. வைத்தாள். அவர் உடனே கண்ணைத் திறந்தார், தூங்கினவர் மாதிரி இல்லை.

"என்னங்க, அவன் வந்திருக்கான்."

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அப்பாவைக் கண்டதும் திரையில் மகனின் உதடுகள் நின்றுவிட்டன. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பேச மாட்டானாமா?" என்றார் அவர். குரல் கரகரத்தது.

"பேசறான். போன்தான் ஊமை. நாங்க ஏமாந்துட்டோம். அவன் சொல்றது நமக்குக் கேக்காது, நம்ம சொல்றது அவனுக்குக் கேக்காது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை தூரம் வந்து, முகம் வரைக்கும் வந்து, ஒரே ஒரு 'வா' போய்ச் சேர மாட்டேன் என்கிறதே. "இருங்க, நான் எழுதறேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எழுதறேன்."

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். திரையின் கீழே மகன் எழுதிய ஒரு வரி எட்டிப் பார்த்தது. 'அப்பா பேசலையா?'

ரொட்டிக்காரர் அவள் விரலை ஒதுக்கினார். எழுந்து உட்கார்ந்தார். அடுப்புச் சூட்டில் காய்த்துப்போன வலது கையைத் தூக்கினார். முதலில் அது மூடியிருந்தது. முஷ்டி.

பொத்தானக்காவுக்கு உயிர் போய்விட்டது. தூங்குகிறார், ஓடி வராதே. கோபமா, தற்செயலா? இவருக்கு எப்படி இது...

கை மெதுவாக விரிந்தது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை மகனைப் பார்த்து நின்றது.

அப்பா முழித்துவிட்டார். ஓடி வா. கத்திக்கொண்டே வா.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"படுக்கையிலேருந்து பாத்தா வாசல் தெரியும்" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பகல்ல யாருக்குடி அவ்வளவு தூக்கம் வரும்? நீங்க மூணு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்குவீங்க. பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். நான் முழிச்சுட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்களேன்னு கண்ணை மூடிக்குவேன்."

இத்தனை வருஷம் அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவர் நமக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. இரண்டும் செய்தாள்.

திரையில் மகன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, வயிற்றைத் தட்டினான்.

"பசிக்குதாம்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே மொழிபெயர்த்தார். "கப்பல்ல சமைக்கிறவனுக்குப் பசிக்குதாம்."

கொல்லைப்புறத்திலிருந்து நாத்தனார் வந்தாள். முகம் சுண்டியிருந்தது. "எடுத்தான்மா. கூச்சமே இல்லாம எடுத்தான். 'நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன், கேக்காததை நானா எப்படிம்மா சொல்றது'ங்கறான். நாளைக்கே அவன் கையெழுத்தைக் கொண்டுபோயி போலீஸ்ல..."

தம்பி கையை விரித்துப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் அவள் வாய் நின்றது. கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். மூன்று தலைகளும் அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் குனிந்தன. மாவு வாசனையும் நூலகத் தூசி வாசனையும் கலந்து, நீலம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிடக்கூடாதா என்று இருந்தது பொத்தானக்காவுக்கு.

மகன் பக்கவாட்டில் யாரையோ பார்த்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு கட்டைவிரலைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் காட்டினான்.

கூட ஆள் வந்திருக்கு. இன்னொரு தட்டு வை.

படத்தின் ஓரத்தில், அவன் தோளை ஒட்டி, மஞ்சள் துணி ஒன்று அசைந்தது. அதற்குள் ஒரு சின்னக் கை, வளையல் போட்ட கை, வெளிச்சத்தை நோக்கி நீண்டது. குழந்தையின் கை. படம் உறைந்தது. கட்டம் கட்டமாய் உடைந்தது. திரை இருண்டது.



"அது யாரு?" என்றார் ரொட்டிக்காரர். பகல் வேளையில் அந்த வீட்டில் யாரும் பேசியிராத அளவுக்குச் சத்தமாக.

அவருடைய கை இன்னும் அணைந்த திரைக்கு நேராக விரிந்தபடியே இருந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"இனிமே கையை மூடிப் பிரயோஜனம் இல்லப்பா" என்றாள். "வான்னு சொல்லிட்டே. எத்தனை பேர்னு கேக்காமலே சொல்லிட்டே."